வெயிலுக்குப் பத்து மார்க்

"என்னம்மா இது? முதல்ல அதையெல்லாம் உள்ள எடுங்க!"

அவள் கதவைத் திறந்ததுமே குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி சத்தம் போட்டார். அவர் விரல் நீண்ட திசையில், பால்கனிக் கயிற்றில், கைக்குழந்தையின் சட்டைகளும் இடுப்புத் துணிகளும் காய்ந்துகொண்டிருந்தன.

"சாரி சார்... பாப்பா துணி. கொஞ்ச நேரத்துல காஞ்சிடும்."

"பாப்பா துணியோ தாத்தா துணியோ, பால்கனியில தொங்கக் கூடாதுன்னு சொல்லியாச்சு இல்ல? பசுமைக் குடியிருப்புப் போட்டிக்கு இன்னிக்கு நடுவருங்க வர்றாங்க. வாசல்ல நின்னு நிமிர்ந்து பார்த்தா கட்டடம் பளிச்சுன்னு இருக்க வேண்டாமா? உங்க வீடு மட்டும் சலவைக்கடை மாதிரி இருக்கு."

"மொட்டை மாடியில போடலாம்னா பூட்டியிருக்கே சார்?"

"மாடி முழுக்க சோலார் தகடு. அங்க போய்த் துணியை விரிச்சு நிழல் கட்டப் போறீங்களா? எல்லார் வீட்லயும் டிரையர் மிஷின் இருக்கு. நீங்களும் ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே?"

வாங்க முடிந்தால் வாங்கியிருக்க மாட்டாளா?

"போன வாரம் வீட்டுக்குள்ளதான் சார் போட்டேன். ஈரமே போகல. பாப்பாவுக்குத் தொடையெல்லாம் புண்ணாயிடுச்சு. வெயில்ல காஞ்ச துணியைத்தான் கட்டணும்னு டாக்டர் கண்டிச்சு சொல்லிட்டாங்க."

"டாக்டர் சொல்லுவாங்க. உங்க ஓனர் என்ன சொன்னார் தெரியுமா? இன்னொரு தடவை புகார் வந்தா காலி பண்ணச் சொல்லிடுங்கன்னுட்டார்."

வயிற்றுப் பிள்ளையோடு வீடு தேடி அலைந்த அலைச்சல் இன்னும் அவள் கால்களை விட்டுப் போகவில்லை. அரைகுறையாகக் காய்ந்த துணிகளை உருவிக்கொண்டு வந்து நாற்காலி முதுகிலும் கதவு மேலும் போட்டாள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பேரு பசுமையாம். கேட்டியாடி?" என்றாள் பாப்பாவிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. பாப்பா கொட்டாவி விட்டது.

நடுவர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், கூடவே கேமராவோடு ஒருவர். கீழே செகரட்டரி அளந்துகொண்டிருந்தது முதல் மாடி ஜன்னலில் நின்றவளுக்கு ஒன்று விடாமல் கேட்டது.

"படிக்கட்டு லைட்டெல்லாம் ஆள் நடந்தா எரியும் மேடம், போனா தானா அணைஞ்சிடும். டேங்க் நிரம்பினா மோட்டார் நின்னுடும். மேல பூரா சோலார்!"

"நல்லது. துணியெல்லாம் எங்க காயப்போடுறீங்க?"

"துணியா? அந்த அசிங்கமே நம்ம கட்டடத்துல கிடையாது மேடம். வீட்டுக்கு வீடு டிரையர்!"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் சார், மேல தகடு வெச்சு வெயிலைப் பிடிக்கிறீங்க. அந்தக் கரண்டுல கீழ மிஷின் ஓட்டித் துணி காய வைக்கிறீங்க. துணியையே வெயில்ல போட்டா வெயில் வேண்டாம்னா சொல்லப்போகுது? அதுக்குத் தனியா பத்து மார்க் வெச்சிருக்கோம். அது போச்சுன்னா உங்களுக்குப் பரிசு கஷ்டம்தான்."

செகரட்டரி அவசரமாகப் படிக்கட்டுப் பக்கம் கை காட்டினார். "இல்ல மேடம்... போடுறவங்க போடுவாங்க. இப்ப உள்ள எடுத்திருப்பாங்க. நீங்க முதல்ல மாடியைப் பார்த்துட்டு வந்துடுங்களேன்!"

சற்று நேரத்தில் காலிங் பெல் அலறியது.

"தங்கச்சி! அந்தத் துணியெல்லாம் வெளிய போடும்மா, சீக்கிரம்!" மூச்சு வாங்கியது அவருக்கு. "வீட்ல கயிறு இருந்தா குடு. கிளிப் எவ்வளவு இருக்கு? ஒருத்தர் வீட்லயும் ஒரு கிளிப் கிடையாதும்மா!"

இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தாள்.

பால்கனிக்குப் பால்கனி துணி முளைத்தது. பீரோவிலிருந்து இறங்கிய, மடிப்புக் கலையாத சட்டைகள். விலைச்சீட்டுகூடப் பிரிக்காத போர்வை. எதிர் வீட்டு டீச்சர் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து எல்லாவற்றின் மேலும் தெளித்தார்.

"சொட்டட்டும். அப்பதான் நம்புவாங்க!"

அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம். எந்தச் சாக்கில் வந்தால் என்ன, வெயில் வந்துவிட்டதே! பாப்பாவின் துணிகளை ஒவ்வொன்றாக உதறி, வரிசையாக மாட்டினாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்த நடுவர் அம்மாள் ஒவ்வொரு பால்கனியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இவள் பால்கனிக்கு நேரே நின்று, கேமராக்காரரிடம், "இதை எடுங்க" என்றார்.

முதல் பரிசு கிடைத்தது.

மறு வாரம், பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு செகரட்டரியைத் தேடி இறங்கி வந்தாள். கீழே நுழைவுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு அந்தப் படம், சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"வாம்மா! பார்த்தியா, உன் பால்கனி! வர்றவங்க போறவங்க எல்லாம் நின்னு பார்த்துட்டுத்தான் போறாங்க. பரிசே இந்தப் படத்தாலதான்."

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா, காலையில வாட்ச்மேன் வந்து என் பால்கனிக் கயிறை அறுத்துட்டுப் போயிட்டார் சார். தெரியாம பண்ணிட்டார்போல. பாப்பா துணியெல்லாம் ஈரமா அப்படியே கிடக்கு. மறுபடியும் கட்டிக்கட்டுமா?"

செகரட்டரி படத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தபடியே, திரும்பாமல் சொன்னார்:

"அதான் இங்க காயுதேம்மா! அப்புறம் அங்க எதுக்கு?"