உன்கூட ஒரு எலும்பு

"நினோ, உன்கூட ஒரு எலும்பு பொறுக்கணும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பின்பக்கம் வா."

கறி வெட்டுகிற டுவேன் அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு எலும்பறுக்கும் ரம்ப மெஷினைத் தட்டிவிட்டார்.

நினோவின் கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது. தெரிந்துபோய்விட்டது.

அமெரிக்காவில், டுலூத் ஏரிக்கரைப் பக்கம் இருந்த அந்தக் கறிக்கடையில் அவள் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஜார்ஜியாவிலிருந்து வந்தவள். "அட்லான்டா பக்கமா?" என்று அமெரிக்காவிலேயே இருக்கும் ஜார்ஜியாவை நினைத்துக் கேட்பவர்களுக்கு, "இல்ல, கடல் தாண்டி இருக்கே, அந்த ஜார்ஜியா" என்று சொல்லியே வாய் வலித்திருந்தது. கழுவுவதும் துடைப்பதும் பொட்டலம் கட்டுவதும் அவள் வேலை.

கழித்துப்போட்ட எலும்புகளை வியாழக்கிழமைதோறும் நாய்த்தீனி வண்டி வந்து அள்ளிப் போகும். வண்டி வருவதற்கு முன்னால் நினோ ஒரு பை எடுத்துக்கொள்வாள். இரண்டு பிள்ளைகளுக்கு நாலு நாள் சூப். யாரையும் கேட்டதில்லை. கேட்க இங்கிலீஷ் போதவில்லை. போதுமானதாக இருந்திருந்தாலும் கேட்டிருப்பாளா என்பது வேறு விஷயம்.

அதிலும் இந்த ஊர் இங்கிலீஷ். எலும்பைத் தொடாமல் ஒரு பேச்சு கிடையாது.

காலையில் டுவேன் வானத்தைப் பார்த்து, "என் எலும்பு சொல்லுது, இன்னிக்குப் பனி கொட்டும்" என்றார். எலும்பு எப்படிச் சொல்லும்? தரையைத் துடைத்தவளிடம், "எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும்" என்றார். மேஜையில் கிடந்த எலும்பெல்லாம் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. பொட்டலம் கட்டும் டெப் முழங்கையை இடித்துக்கொண்டு, "ஐயோ, என் சிரிப்பு எலும்பு" என்றாள். கண்ணில் தண்ணீர்.

இப்போது இது. நினோ மெல்ல டெப்பிடம் போனாள்.

"டெப், ஒருத்தர் உன்கூட எலும்பு பொறுக்கணும்னு சொன்னா என்ன அர்த்தம்?"

"யாரு, டுவேனா? அப்ப உன்மேல ஏதோ கோபம்னு அர்த்தம், கண்ணு. பேசித் தீத்துக்கணும்னு கூப்பிடறாரு."

"எலும்பைப் பத்தியா?"

"சேச்சே. எலும்புக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"எலும்புன்னு சொன்னாரே."

"சொல்லுவாங்க. ஆனா எலும்பு இல்ல."

"அப்ப எது?"

"அது அவருக்குத்தான் தெரியும்."

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது நினோவுக்கு. எலும்பு என்றால் எலும்பில்லை என்கிறாள். ஆனால் எலும்புதானே அவள் பையில் இருக்கிறது? இன்றைக்கு வியாழக்கிழமை வேறு.

பன்னிரண்டு மணிக்குப் பின்பக்கம் போனபோது டுவேன் ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன் நினோ பையை அவர் காலடியில் வைத்தாள்.

"அஞ்சு வாரமா எடுக்கறேன். பிள்ளைங்களுக்கு சூப் வைக்க. தப்புதான். வேலைய விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க."

டுவேன் பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

"என்ன இது?"

"எலும்பு. நீங்கதானே எலும்பு பொறுக்கணும்னு..."

"என் கத்தியெல்லாம் மத்த சாமானோட போட்டுக் கழுவுற. கூர் மழுங்குது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இனிமே தனியாக் கழுவு."

"அப்ப எலும்பு?"

"எந்த எலும்பு? எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பையை என் முன்னாலேர்ந்து எடு. சாப்பிடற இடத்துல வச்சுக்கிட்டு."

முகம் கறுத்துப்போய்த்தான் சொன்னார். கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டாள். மன்னித்தாரா, அருவருத்தாரா என்றே அவளுக்கு விளங்கவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் உள்ளே வந்தார். தொட்டியருகே கத்திகளைத் தனியாகக் கழுவிக்கொண்டிருந்த நினோவை அவர் கவனிக்கவில்லை.

"டுவேன், நாய்த்தீனி வண்டிக்காரன் எனக்கு நன்றி சொல்றான்யா. இவ்வளவு கறி ஒட்டின எலும்பு வேற எந்தக் கடையிலயும் கிடைக்கலையாம். ஒரு மாசமாவே இப்படித்தானாம். முப்பது வருஷக் கை. என்ன ஆச்சு உனக்கு?"

நினோவின் கை தண்ணீருக்குள் நின்றது. முதல் வாரம் எடுத்த எலும்பு வழவழவென்று சுரண்டிவிட்டாற்போல் இருந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து பிள்ளைகள் கறியைப் பிய்த்துத் தின்றார்கள். இந்த ஊர் எலும்பே இப்படித்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள்.

டுவேன் தலை நிமிரவில்லை.

"கண்ணு மங்கிப்போச்சு. கத்தி போற இடம் சரியாத் தெரியல."

"டாக்டரைப் பாரு. அடுத்த மாசமும் இப்படின்னா வெட்டற மேஜைய வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும். அப்புறம் வருத்தப்படாதே."

"சரி."

மேனேஜர் போய்விட்டார். நினோ ஈரக் கையோடு திரும்பினாள். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை.

"டுவேன், நான் போய் அவர்கிட்ட..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். வேலையப் பாரு" என்றார் அவர். பிறகு, பத்தடி தள்ளி நின்றவளை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தச் சட்டைக் கைல கடைசிப் பொத்தான் ஒரே நூல்ல தொங்குது. மெஷின் பக்கம் வர்றதுக்கு முன்னால தச்சுக்க."