முதல் சங்கு

பொன்மலை ஒர்க்‌ஷாப்பின் முதல் சங்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. ரயில்வே குவார்ட்டர்ஸ் அடுப்படியில், கொதிக்கிற தண்ணீருக்குள் கண்ணாடி சிரிஞ்ச் கடகடவென்று பாத்திரத்தை முட்டிக்கொண்டே இருக்கிறது. செல்வமேரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பானைத் தண்ணீரில் குளிர்ச்சியாகக் கிடக்கும் இன்சுலின் பாட்டிலை எடுக்கிறாள், துடைக்கிறாள், மறுபடி உள்ளேயே வைக்கிறாள். பதினோரு வருஷமாக முதல் சங்குக்கு மகள் பேட்ரிசியாவுக்கு ஊசி, இரண்டாம் சங்குக்கு இட்லி. திங்கட்கிழமை அவள் பேங்க் வேலைக்கு மெட்ராஸ் போகிறாள். அங்கே ஹாஸ்டலில் சங்கு ஏது?

சிகாகோ மாமா அனுப்பிய படத்தை மகள் நீட்டுகிறாள். பெல்ட்டில் சோப்பு டப்பா மாதிரி ஒரு மெஷின், அதிலிருந்து வயிற்றுக்கு மெல்லிய குழாய். “நாள் பூரா சொட்டுச் சொட்டா மருந்து போகுமாம்மா. தினம் குத்திக்க வேணாம்.” “அப்ப ஊசி?” “உள்ளயே இருக்கும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தணும்.” “தூக்கத்துல புரண்டு படுத்தா? மெஷின் நின்னு போச்சுன்னா?” செல்வமேரி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். “அது நம்ம ஊருக்கு வர்றப்ப பாத்துக்கலாம். இன்னைக்கு நானே போட்டுக்கறேம்மா.”

சங்கு ஊதுகிறது. ஜன்னல் கம்பி அதிர்கிறது. பழக்கத்தில் செல்வமேரியின் கை நீள்கிறது. மருந்து ஏற்றிய சிரிஞ்ச் மகள் கையில் இருக்கிறது. பேட்ரிசியா தொடையைக் கிள்ளிப் பிடித்து ஒரே குத்தாக இறக்குகிறாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பதினோரு வருஷம் கை நடுங்காமல் குத்திய செல்வமேரிதான் ‘ஸ்ஸ்’ என்று தன் தொடையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.