மடங்கிய விரல்கள்

முந்தாநாள் பைக்கிலிருந்து விழுந்ததில் சங்கிலிக்குக் கழுத்து நரம்பு அறுந்து, வலது கை செத்துத் தொங்கியது. டாக்டர் அவன் முழங்கையில் கருவியை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். விரல்கள் சடக்கென்று முஷ்டியாக மடங்கின. அருகில் நின்ற அவன் மனைவி தெய்வானை, கன்னத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"பயப்படாதம்மா," என்றார் டாக்டர். "கீழ் நரம்புல மிச்ச உசிர் இருக்கு, கரண்ட் வெச்சா துடிக்குது. மூளை சொல்றது இனிமே கைக்கு வந்து சேராது. இவரா நெனச்சு ஒரு வெரலக்கூட அசைக்க முடியாது."

தெய்வானை அழுதாள். கல்யாணத்துக்குப் பிறகு, அடி வாங்காமல் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

சங்கிலி தன் கையைப் பார்க்கவில்லை. கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்ட அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர், இன்னொருக்கா வைங்க."

"போதும்ப்பா, பார்த்தாச்சு."

"எனக்குத்தான் வலிக்கலயே. வைங்க."