ஆர்ச்சியின் வலது கால்

கிளாஸ்கோவின் பழைய இரும்பு யார்டில் தூறல் விழுந்துகொண்டிருக்கிறது. கடைசித் தண்டவாளத்தில் எங்கள் டீசல் எஞ்சின் நிற்கிறது. அதன் பச்சைப் பெயின்ட் இன்னும் மங்கவில்லை, வயது எட்டுதான். நடுவழியில் நின்று, புகைந்து, இரண்டு முறை தீப்பிடித்து, ஊரெல்லாம் திட்டு வாங்கிய வகை இது. அந்த வகையில் மிஞ்சியது இது ஒன்றுதான். ஓட்டுநர் ஆர்ச்சி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். அவரது வலது கால் பெடலை அழுத்தியிருக்கிறது. ஓட்டுபவர் மயங்கிக் கால் நழுவினால் வண்டி தானாக நின்றுவிடும். அதற்காக வைத்த பெடல் அது. துணை ஓட்டுநரான நான் டீ ஃபிளாஸ்க்கைப் பைக்குள் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். வெளியே, எஞ்சினை வெட்டப்போகிற டூகல்ட் அதன் பக்கவாட்டில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டு வருகிறார்.

“அளக்காமலே கோடு போடுறியே,” என்று ஜன்னல் வழியாகக் கேட்கிறார் ஆர்ச்சி.

“மேட்டுத் தெரு எஞ்சின் ஃபேக்டரி மூடுற வரைக்கும் நான் அங்க வெல்டர்யா. இதை ஒட்டினதே நான்தான். எங்க சுலபமா பிரியும்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப இது வழியெல்லாம் படுத்ததுக்கும் நீதான் காரணமா?”

“உடம்புதான் நாங்க செஞ்சது. ஈரக்குலை வேற எவனோ குடுத்தது.”

கோடு கதவுவரை வந்து நிற்கிறது. டூகல்ட் கேஸ் கட்டரைக் கையில் எடுக்கிறார். பற்றவைக்காமல், திறந்த கதவு வழியாக ஆர்ச்சியின் காலைப் பார்க்கிறார்.

“காலை எடுய்யா,” என்கிறார் மெதுவாக.

எஞ்சினை நான் நிறுத்திக் கால் மணி நேரம் ஆகிறது. ஆர்ச்சியின் கால் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறது.