சேர் என்றொரு சொல்

கப்பல் மாலுமிகள் போடும் கனத்த நீலக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, தொப்பியும் வைத்துக்கொண்டு தன் அறையில் உட்கார்ந்திருந்தார் ஐனார் டோலெஃப்சன். ஹீட்டர் நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. மணி மூன்று பத்து.

"வெளியே கிளம்பிட்டீங்களா?" வைஃபை பழுதுபார்க்க வந்த ரே கோஸ்கெலா கேட்டான்.

"நாலு மணிக்குப் பேசணும்," என்றார் பெரியவர்.

கப்பல்கள் ஓடும் பெரிய ஏரியின் கரையில் இருந்தது துலூத் நகர முதியோர் இல்லம். அதன் மாடியில் அவர் அறை. தினமும் நாலு மணிக்கு டேப்லெட்டில் மனைவி சிக்னியைக் கூப்பிடுவார். மூன்று நாளாக முடியவில்லை. அவர் குரல் கேட்காவிட்டால் அவள் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று, அவளைக் கவனிக்கும் நர்ஸ் சொல்லியிருந்தாள். மாடியில் வைஃபை பயன்படுத்துவது அவர் ஒருவர்தான்; அதனால் இல்லத்து ஆபீசில், டேப்லெட்தான் கெட்டுப்போய்விட்டது என்று கைவிரித்துவிட்டார்கள்.

ரே வாங்கிப் பார்த்தான். சிக்னல் முழுசாக இருந்தது. ஆனால், வைஃபை வலைக்குள் வரும் எந்தக் கருவியும் முதலில் தனக்கு ஒரு முகவரி கேட்கும். பதில் வராவிட்டால், தானே ஒரு பொய் முகவரியை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். இதுவும் அப்படித்தான் இருந்தது. மூன்று நாளாகக் கேட்டிருக்கிறது. யார் காதிலும் விழவில்லை.

"கீழே வரவேற்பறையில நல்லா எடுக்குது. இன்னிக்கு அங்க வந்து பேசிடுங்களேன். லிஃப்ட்ல நானே கூட்டிட்டுப் போறேன்."

"கீழே வேண்டாம்."

குரல் சட்டென்று இறுகியது. முழங்கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான் ரே.

தாழ்வாரத்து அலமாரியைத் திறந்து, உள்ளே இருந்த நெட்வொர்க் பெட்டியில் லேப்டாப்பைச் சொருகினான். மாடிக்கு வரும் ஒரே கேபிளில் பல வலைகள் போகும். வி-லான் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இல்லத்தில் வசிப்பவர்களுக்கு முப்பது. அந்த எண்ணுக்கு அனுமதி இருந்தால்தான், முகவரி கொடுக்கும் கணினிக்கு இவர் டேப்லெட் கேட்பது போய்ச் சேரும். பட்டியலில் நாற்பது மட்டும் இருந்தது.

நர்ஸ்களின் மருந்து வண்டிகளில் இருக்கும் கணினிகளுக்காக மூன்று நாளுக்கு முன் நாற்பதைப் போட்டவன் ரேதான். புது எண்ணுக்கு முன்னால் 'சேர்' என்று ஒரு சொல் அடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பழைய எண் அழிந்துவிடும். விட்டிருந்தான்.

இப்போது மறக்காமல் 'சேர்' அடித்து, முப்பதைத் திரும்பப் போட்டான். அறைக்கு வந்து டேப்லெட்டின் வைஃபையை அணைத்துப் போட்டதும் முகவரி வந்தது. நாலு மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம்.

பழி டேப்லெட்டின் மேல் இருந்தது. பேசாமல் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"தப்பு என்னோடதுங்க. ஒரு வார்த்தையை விட்டுட்டேன்."

"அம்பத்தெட்டு வருஷக் கல்யாணத்துல நான் விடாத வார்த்தையா? உக்காரு தம்பி."

கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டு, திரையைத் தொட்டார். நரைத்த தலையோடு ஒரு முகம் வந்து, அவரைப் பார்த்ததும் மலர்ந்தது.

"ஐனார்! எங்கே போய்ட்டே? காத்து பலமா?"

"ஏரி அமைதியா இருக்கு, சிக்னி. சரக்கு ஏத்திட்டிருக்காங்க. நீ சாப்பிடு."

"எப்ப கரைக்கு வருவே?"

"இன்னும் ரெண்டு நடை. வந்துடுவேன்."

ரேக்குப் புரியவில்லை. கப்பலை விட்டு இருபது வருஷமாவது ஆகியிருக்குமே இவருக்கு! அப்போது தாழ்வாரத்தில் காபி மணி அடித்தது. இமைக்கும் நேரத்தில் டேப்லெட்டுக்குள்ளும் அதே மணி கேட்டது. எதிரொலி போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

பேசி முடித்ததும் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டுப் போக ரேக்கு மனம் வரவில்லை.

"அவங்க ரொம்பத் தூரத்துல இருக்காங்களா? ஞாயித்துக்கிழமை எனக்கு வேலையில்ல. என் வண்டில கூட்டிட்டுப் போறேனே."

பெரியவர் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"இங்கேயே கீழ்த் தளத்துலதான் தம்பி. எல்லாம் மறந்துட்டா; கப்பல்ல இருக்கற ஐனாரை மட்டும்தான் ஞாபகம். நேர்ல போய் நின்னா, யாரு இந்தக் கிழவன்னு பயந்துக்கறா."