கிழக்குக் குழாய்

விடிந்து பார்த்தால் கிழக்குக் குழாயின் பிடியைக் காணோம்.

"எவன் வேலை இது? கையில கிடைச்சான்னா தோலை உரிச்சிடுவேன்!" என்று நான் போட்ட கூச்சலில் முகாமே எழுந்து உட்கார்ந்துவிட்டது. முகாம் பொறுப்பாளன் நான். கத்துவதற்குத்தான் சம்பளம்.

பிடி இல்லாமல் குழாய் திறக்காது. கிழக்குப் பக்கத்துப் பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மேற்குக் குழாய்க்குத்தான் போக வேண்டும்.

அங்கேதான் வினை.

ஊரில் கலவரம் செய்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டம் இது. வெள்ளம் வந்து இரண்டையும் அள்ளி ஒரே மைதானத்தில் போட்டுவிட்டது. நான்தான் கிழக்கு, மேற்கு என்று பிரித்து ஆளுக்கொரு குழாய் வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு சச்சரவு கிடையாது. ஒரு பேச்சும் கிடையாது.

போதாதென்று தலைமையகம் நடுவில் முள்வேலி போடச் சொல்லிவிட்டது. கம்பிச் சுருள்களோடு லாரி வாசலில் நிற்கிறது. "எங்க சார் குழி தோண்டணும்?" என்று மேஸ்திரி விடாமல் நச்சரிக்கிறார்.

அதே தலைமையகம்தான் சமாதான நிபுணர் என்று ஒரு பெண்மணியையும் சில வாரங்களுக்கு அனுப்பியிருந்தது. எனக்கு இந்த ரகத்தைக் கண்டாலே ஆகாது. பெட்டியோடு வருவார்கள், எல்லோரையும் வட்டமாக உட்காரவைப்பார்கள், பெட்டியோடு போவார்கள். முகாமில் இவருக்கு 'சமாதானம் மேடம்' என்று பெயர். இன்றோடு இவர் வேலையும் முடிகிறது.

வந்த நாளிலிருந்து என் உயிரை எடுத்தார்.

"சார், இது சமாதானம் இல்ல. வாயே திறக்காம இருக்காங்க, அவ்வளவுதான். ஒரு குழாயை மூடுங்க, சண்டையாவது போடட்டும். இங்க வேலி போட்டீங்கன்னா நாளைக்கு அதே வேலி அவங்க ஊருக்கும் போயிடும்."

"வெட்டிக்கிட்டா யார் பொறுப்பு, நீங்களா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டேன். அவருக்கும் பயம் இல்லாமல் இல்லை.

கிழக்குப் பெண்கள் மைதானத்தைக் கடந்து நடந்தார்கள். கூடாரங்களிலிருந்து ஆண்கள் வெளியே வந்தார்கள், இரண்டு பக்கமும்தான். காவலர் தடியைத் தூக்கினார். மேடம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். என் வலது கை பாக்கெட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது.

முதலில் போனவள் தன் மஞ்சள் குடத்தைக் குழாயடியில் வைத்தாள். அங்கே நின்ற நீலக் குடத்துக்காரி அதைக் காலால் தள்ளினாள்.

"வரிசைன்னு ஒண்ணு இருக்கு. தெரியாதா?"

மஞ்சள் குடத்துக்காரி குடத்தை மறுபடி இழுத்து வைத்தாள்.

"வரிசையைப் பத்தி நீங்க பேசாதீங்க அண்ணி! என் கல்யாணத்துல மாப்பிள்ளை சாப்பிடறதுக்கு முன்னாடியே சாப்பிட உக்காந்தது யாரு?"

அண்ணியா? நான் திரும்பினேன். மேடம் என் காதில் சொன்னார். மஞ்சள் குடத்துக்காரியின் அண்ணன் மேற்குக் கூட்டத்தில் பெண் கட்டியவர். கலவரத்தில் மனைவியோடு அந்தப் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து தங்கை அவர் முகத்தில் விழித்ததில்லை.

"பசிச்சுது, உக்காந்தேன்! விடியறதுக்கு முன்னாடி எழுந்து அத்தனை பேருக்கும் சமைச்சது யாரு, நீயா?"

"சமைச்சீங்க! உப்பே இல்ல!"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார். கிழக்கா மேற்கா தெரியவில்லை.

"இவங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டியாண்ணா? மரம் மாதிரி நிக்கிறே!"

மேற்குக் கூட்டத்தில் தலையைக் குனிந்து நின்ற ஒருவர் முன்னால் வந்தார். "அம்மா தாயே, ரெண்டு பேருக்கும் நானே பிடிச்சுத் தரேன். ஆளை விடுங்க" என்று இரண்டு குடத்தையும் வாங்கிக்கொண்டு குழாயடியில் குந்தினார்.

தங்கை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எலும்பு தெரியுது. எங்கண்ணனுக்குச் சோறு போடறீங்களா இல்லையா அண்ணி?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. குழாயடி முழுக்க ஒரே இரைச்சல். யார் முன்னால் வந்தது, யார் நடுவில் நுழைந்தது, யார் ஒரு குடத்துக்கு இடம் போட்டு மூன்று குடம் வைத்தது. யார் எந்தப் பக்கம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆண்கள் அலுத்துப்போய்க் கூடாரத்துக்குத் திரும்பினார்கள்.

ஆகா, அப்படி ஓர் அழகான சண்டையை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. மேடம் அழுதுகொண்டே சிரித்தார்.

"எங்க சார் குழி..." என்று ஆரம்பித்தார் மேஸ்திரி.

"உங்க வீட்டு வாசல்ல போய்த் தோண்டுங்க! வண்டியைத் திருப்புங்கய்யா!"

அன்று நான் போட்ட சத்தத்திலேயே அதுதான் பெரிது. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற ஜனங்களுக்கு வேலி எதற்கு என்று தலைமையகத்துக்கும் போனில் ஒரு போடு போட்டேன். லாரி கம்பிச் சுருள்களோடு வந்த வழியே போயிற்று.

மதியம் மேடத்தின் ஜீப் கிளம்பியது. இரண்டு பக்கத்து ஜனமும் வழியை அடைத்துக்கொண்டு, "சமாதானம் மேடம், சமாதானம் மேடம்" என்று கையாட்டியது. புகழெல்லாம் அவருக்கே. இருக்கட்டும், ஊருக்குப் போகிறவர்.

ஜன்னல் வழியாக அவர் கை நீட்டினார். நான் இடது கையை நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என் பாக்கெட்டைப் பார்த்தார்.

"குழாய்ப் பிடியை விட்டுட்டு, வலது கையைக் குடுங்க சார்."