பாலம் இறங்கும்வரை

கப்பலுக்காகக் கிடர்பூர் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். பஸ் நின்று வெகுநேரமாகிவிட்டது.

மழையில் நனைந்தபடி ஒரு பெண் ஏறி, டிக்கெட் எடுத்தாள். முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவளைக் கண்டதும் அலமு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தவராணி.

இளைத்துப்போயிருந்தாள். முன்பல் ஒன்றைக் காணோம். ஆனாலும் அவளேதான்.

இந்தப் பக்கமே வரக்கூடாது என்றுதான் அலமு இத்தனை வருஷமும் இருந்தாள். லேக் மார்க்கெட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சமையல், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, பக்கத்திலேயே மகள் மஹிமாவுக்குப் பள்ளிக்கூடம். அதைத் தாண்டி அவளுக்குக் கொல்கத்தா தேவைப்படவில்லை. ஆனால் மஹிமாவின் நர்சிங் நுழைவுத் தேர்வைக் கார்டன் ரீச்சில் போட்டுவிட்டார்கள். சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஹிமாவுக்கு எதுவும் தெரியாது. அப்பா லாரியில் அடிபட்டுச் செத்துப்போனார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

கூப்பிடு தூரத்தில்தான் அந்த வீடு. அலமுவுக்கும் தவராணிக்கும் ஒரே அறை, நடுவில் திரையாக ஒரு பழைய புடவை. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிச் சேலத்திலிருந்து அழைத்துவந்தவன் அலமுவை அங்கே விற்றிருந்தான். போருக்குத் தப்பி, வன்னியிலிருந்து படகேறி மண்டபம் முகாமுக்கு வந்தவள் தவராணி. வெளிநாட்டுக்குக் கப்பலேற்றிவிடுகிறேன் என்று கூட்டிவந்தவன் அவளை விற்றிருந்தான். அந்த வீட்டில் தமிழ் தெரிந்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

வந்த புதிதில் அலமு சாகப் பார்த்தாள். கழுத்திலிருந்த சுருக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தவராணி சொன்னாள்: "ஷெல் அடிக்கேக்க பங்கருக்குள்ள கிடக்கிற மாதிரிக் கிட. எப்பவோ ஒரு நேரம் ஓயும்."

அதற்குப் பிறகு யாராவது அலமுவை அடித்தால் தவராணி திரையைத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்து நிற்பாள்.

இப்போது அவர்களுடைய இருக்கையருகே வந்து நின்றாள்.

"என்னைத் தெரியேல்லையோ?"

மஹிமா சட்டென்று நிமிர்ந்தாள். "அம்மா, தமிழ்!" பஸ்ஸில் யாராவது தமிழ் பேசிவிட்டால் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"சினி நா," என்றாள் அலமு. தெரியாது என்பதை வங்காளத்தில் சொன்னாள். தமிழே அறியாதவள்போல.

மஹிமா அம்மாவை வினோதமாகப் பார்த்தாள். அலமுவுக்குக் காது மடல்வரைக்கும் சுட்டது.

தவராணி மறுபடி கேட்கவில்லை. அவள் பார்வை அலமுவை விட்டு மஹிமாவிடம் போய், அங்கேயே நின்றுவிட்டது.

"உக்காருங்க மாஷி, ரொம்ப நனைஞ்சிருக்கீங்க," என்று வங்காள வழக்கப்படி சித்தி முறை சொல்லி மஹிமா எழுந்து இடம் கொடுத்தாள்.

தவராணி உட்கார்ந்தாள். ஈரத் தோள் அலமுவின் தோளில் பட்டது. அலமு ஒதுங்கப் பார்த்தாள். ஜன்னல் கம்பி இடித்தது.

"பேர் என்ன பிள்ளை?"

"மஹிமா."

"மஹிமா," என்று தவராணி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கேட்டறியாத ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல.

நர்சிங் பரீட்சைக்குப் போவதாக மஹிமா சொன்னாள். தவராணியின் கை எழுந்தது. தலையைத் தடவப் போகிறாள் என்று அலமு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கை பாதியிலேயே நின்று, மடிக்குத் திரும்பிவிட்டது.

இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். இறங்கிப் போகட்டும், எப்படியாவது இறங்கிப் போகட்டும் என்று அலமு வேண்டிக்கொண்டாள். அதைக் கேட்கும் சாமி ஏதாவது இருந்தால் அதன் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் இருந்தது.

பாலம் இறங்கியது. முன்னால் நின்ற லாரிகள் உறுமின. கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தை ஓங்கித் தட்டினான்.

தவராணி எழுந்தாள். "ஆள் மாறிப்போச்சு," என்றாள் மஹிமாவிடம். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, உன்ர அம்மா மாதிரியே இருப்பாள். நல்லவள்."

இறங்கி மழையில் நின்றாள். பஸ் நகர்ந்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"பாவம்மா. டிக்கெட் எடுத்துட்டு இறங்கிட்டாங்களே," என்றாள் மஹிமா. "ஏம்மா அழுதாங்க?"



அந்த வீட்டில் தாயையும் பிள்ளையையும் சேர்த்து வெளியே விடமாட்டார்கள். ஒன்று போனால் மற்றது உள்ளே இருக்க வேண்டும். அதனால்தான் தவராணி அன்றைக்குத் தன் கைக்குழந்தையை அலமுவிடம் கொடுத்தாள். காய்ச்சல், இவள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று வீட்டுக்காரியின் காலில் விழுந்து அனுப்பிவைத்தாள். திரும்பி வராதே, ஓர் இடம் கிடைத்ததும் சொல்லி அனுப்பு, நான் எப்படியும் வந்துவிடுவேன் என்று படிக்கட்டில் வைத்துக் காதோடு சொன்னாள்.

இடம் சீக்கிரமே கிடைத்துவிட்டது.

சொல்லி அனுப்ப வேண்டும் என்று அலமு தினமும் நினைத்தாள். முதலில் பயம் தடுத்தது. பயம் தெளிந்த பிறகு, கிடர்பூரில் சரக்கு எடுக்கப் போகும் காய்கறிக்காரரிடம் சொல்லிவிடுவது என்று ஒரு காலையில் முடிவு செய்தாள். அவர் குரல் கேட்டு வாசலுக்கு ஓடினாள். பின்னாலேயே தவழ்ந்துவந்த குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, முதன்முதலாக, அம்மா என்றது.

அலமு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.